மாடி வீட்டைச் சாமான்களோடு மூணு மாசத்துக்கு விடலாமா? திருநகர் பெரியம்மாவின் ஒரு வருடக் கணக்கு

மதுரை திருநகரில் இருக்கிறது என் பெரியம்மா வீடு. கீழே பெரியப்பாவும் பெரியம்மாவும். மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு போர்ஷன். பத்தாயிரம் ரூபாய் வாடகைக்கு இருந்த குடும்பம் சொந்த வீடு கட்டிப் போனதும், மாடி காலியானது. அடுத்த வாரமே தெரிந்த புரோக்கர் வந்து நின்றார்.

"அக்கா, தோப்பூர் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற எஞ்சினீயர் ஒருத்தர் நாலு மாசத்துக்கு வீடு கேக்குறாரு. கட்டில், ஏசி, பிரிட்ஜ் எல்லாம் இருக்கணுமாம். பதினெட்டாயிரம் தர்றேங்குறாரு."

பத்தாயிரம் வந்த இடத்தில் பதினெட்டாயிரம். பெரியம்மா வங்கி டெபாசிட்டில் இருந்து இரண்டரை லட்சத்தை எடுத்தார். ஏசி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இரண்டு கட்டில், சோபா, டைனிங் டேபிள், டிவி எல்லாம் புதிதாக வந்து இறங்கின. எஞ்சினீயரும் வந்தார். ஒரு வருடம் கழித்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, பழையபடி வெறும் வீடாக விட்டிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தைவிடக் குறைவாகத்தான் வந்திருந்தது.

எங்கே தவறியது? இப்படி வீட்டை விடலாம் என்று யோசிக்கும் எல்லோருக்கும் உதவும் என்பதால், அவர் அனுமதியோடு அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

யார் இப்படி வீடு கேட்கிறார்கள்?

மதுரைக்காரர்களுக்கு வீட்டை விடுவதென்றால் இரண்டே வழிதான். ஒன்று மாத வாடகை. இன்னொன்று ஒத்தி, மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் விட்டு, காலி செய்யும்போது தொகையைத் திருப்பித் தருவது. சாமான்களோடு ஒரு மாதத்தில் இருந்து ஏழெட்டு மாதம் வரை விடும் இந்த மூன்றாவது வழி நமக்குப் புதுசு.

திருநகருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பழைய குடியிருப்பு, அகலமான தெருக்கள், முதல் ஸ்டாப், மூணாவது ஸ்டாப் என்று வரிசையாகப் பஸ் ஸ்டாப்புகள். 2011-ல் மாநகராட்சியோடு இணைந்த பகுதி. பக்கத்தில் திருப்பரங்குன்றம், தியாகராசர் பொறியியல் கல்லூரி. தெற்கே போனால் கப்பலூர் தொழிற்பேட்டை, தோப்பூர். தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் 2024-ல்தான் தொடங்கியது. இப்படி ஒரு வேலை நடக்கும் இடத்துக்கு வருபவர்கள் ஓட்டலில் மாதக்கணக்கில் தங்க முடியாது. சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வரவும் மாட்டார்கள்.

அவர்கள் மட்டுமல்ல. மாற்றலாகி வந்து குடும்பத்தை அழைத்து வரும்வரை தனியாக இருக்கும் வங்கி அதிகாரி, சொந்த வீட்டை இடித்துக் கட்டுபவர்கள், வீட்டில் கல்யாணம் என்று இரண்டு மாத லீவில் வரும் சிங்கப்பூர்க்காரர்கள், உறவினரின் சிகிச்சைக்காக வெளியூரில் இருந்து வந்தவர்கள் என்று ஆட்கள் உண்டு. ஆனால் யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை வீடு சும்மா கிடக்கும். பெரியம்மா கணக்கில் எடுக்க மறந்தது இந்தச் சும்மா கிடக்கும் மாதங்களைத்தான்.

பதினெட்டாயிரம் எங்கே போனது?

எஞ்சினீயர் நாலு மாதம் இருந்தார். 72 ஆயிரம் வந்தது. அதன்பின் மூன்று மாதம் வீடு பூட்டியே கிடந்தது. அடுத்து, சிகிச்சைக்காக வந்த ஒரு குடும்பம் ஐந்து மாதம் தங்கியது. முதல் இரண்டு மாதம் பதினெட்டாயிரம், பிறகு அவர்களால் முடியாமல் பன்னிரண்டாயிரம். இதிலும் 72 ஆயிரம். ஆக மொத்தம் 1,44,000 ரூபாய்.

வீடு பூட்டிக் கிடந்தாலும் வைஃபை பில் நிற்காது. மாதம் 700 வீதம் வருடத்துக்கு 8,400. ஆள் மாறும்போதெல்லாம் சுத்தம் செய்ய, கீசர் ரிப்பேர், மெத்தை உறை, வெள்ளையடிப்பு என்று 15,000. புரோக்கருக்கு ஒவ்வொரு முறையும் அரை மாத வாடகை, இரண்டு முறைக்கு 18,000. இதையெல்லாம் கழித்தால் கையில் நிற்பது 1,02,600. பழைய வாடகையே தொடர்ந்திருந்தால் 1,20,000.

சரி, அடுத்த வருடம் பத்து மாதம் ஆள் இருந்து, புரோக்கர் செலவு ஒரு முறையோடு முடிகிறது என்றே வைத்துக்கொள்வோம். செலவு போக 1,47,600 நிற்கும். சாதாரண வாடகையைவிட 27,600 கூடுதல். ஆனால் அந்த வேகத்தில் இரண்டரை லட்சத்தைத் திரும்ப எடுக்க ஒன்பது வருடம் ஆகும். அதுவரை வாஷிங் மெஷின் உயிரோடு இருக்குமா என்ன?

அதனால்தான் சொல்கிறேன், கடன் வாங்கியோ டெபாசிட்டை உடைத்தோ இதைத் தொடங்காதீர்கள். வீட்டில் சும்மா கிடக்கும் தேக்குக் கட்டில், மகள் விட்டுப் போன படிப்பு மேஜை, நல்ல நிலையில் உள்ள பழைய பிரிட்ஜ், ஒரே ஒரு அறைக்கு ஏசி என்று 80 ஆயிரத்துக்குள் முடித்தால் அதே பணம் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். வருபவர்களுக்கு சோபா முக்கியமில்லை. நல்ல மெத்தை, தடையில்லாத தண்ணீர், வைஃபை, சமைக்கப் பாத்திரம், துணி காயப்போட இடம்: இவ்வளவு போதும். கேஸ்தான் பலருக்கும் பிரச்னை. நாலு மாதத்துக்கு யாரும் புது இணைப்பு எடுக்க மாட்டார்கள். ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு வைத்துவிடுங்கள். வேண்டுமென்றால் அடையாள அட்டை காட்டி 5 கிலோ சிலிண்டரை அவர்களே வாங்கிக்கொள்ளலாம்.

"இன்னும் பத்து நாள்தான் அக்கா"

சிகிச்சைக்கு வந்த குடும்பம் ஒரு மாதம் என்று சொல்லித்தான் சாவி வாங்கியது. படுக்கையில் ஒரு வயதான அம்மா, மகன், மருமகள். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. ஒரு மாசத்துக்கு எதுக்குப் பத்திரம் என்று பெரியம்மாவே சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதம் ஐந்தானது. நடுவில், அதே வீட்டை ஆறு மாதத்துக்குக் கேட்டு வந்த இன்னொருவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

"ஒவ்வொரு தடவையும் இன்னும் பத்து நாள்தான் அக்கான்னு அந்தப் புள்ள கண்ணு கலங்கி நிக்கும். வயசானவங்களை எந்திரிச்சுப் போங்கன்னு எப்படிச் சொல்றது? ராத்திரி தூக்கம் வராது எனக்கு" என்றார் பெரியம்மா. அந்தக் குடும்பத்தின் மீது எந்தத் தப்பும் இல்லை. சிகிச்சை எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் நீட்டித்தால் வாடகை எவ்வளவு, எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே ஒரு தாளில் இருந்திருந்தால், இரண்டு பக்கமும் இவ்வளவு சங்கடப்பட்டிருக்க வேண்டியதில்லை. கடைசியில் கரன்ட் பில்லில் வேறு மனஸ்தாபம்.

எழுதி வைப்பது நல்ல பழக்கம் மட்டுமல்ல, சட்டமும்கூட. தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே செய்யலாம். பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதற்குத்தான் அந்தக் கணக்கு. இது தனிப் பதிவு, மூன்று மாத ஒப்பந்தமானாலும் வேண்டும்.

அட்வான்ஸும் பழைய பத்து மாதக் கணக்கில் இல்லை. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அதே சட்டம். காலி செய்ததும் பிடித்தம் போக ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும். எவ்வளவு கோபம் வந்தாலும் தண்ணீரையோ கரன்டையோ நிறுத்தக் கூடாது. வெள்ளையடிப்பு, வயரிங், பைப் லைன் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரியான சில்லறை ரிப்பேர்கள் குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒரு அட்டவணையே சட்டத்தில் உண்டு. ஆனால் அது வெறும் வீட்டுக்கான பட்டியல். உங்கள் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுதானால் யார் செலவு என்பதை நீங்கள்தான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

கரன்ட் பில் நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால், நடுவில் காலி செய்பவரிடம் சண்டை நிச்சயம். சாவி கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் மீட்டரை இருவருமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள். முதல் 100 யூனிட் இலவசம் யாருக்கு என்பதையும் பேசிவிடுங்கள். கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே மீட்டர் என்றால், மாடி ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டும்போது உங்கள் பில்லும் உயரும். முதல் செலவாகத் தனி மீட்டரைப் போடுவது நல்லது.

அரசுக்குச் சொல்ல வேண்டியவை

குடியிருக்க வருபவரின் ஆதார் நகலும், வேலை செய்யும் இடத்தின் விவரமும் கட்டாயம் வாங்குங்கள். வாடகைதாரரைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே வசதி இருக்கிறது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால், அவர் நம்ம ஊர்க்காரராகவே இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும்.

வரியில், வீட்டு வாடகைக்கு 30 சதவிகித நிலையான கழிவு கிடைக்கும். சாமான்களுக்கான வாடகையைப் பிரித்து எழுதினால் அந்தப் பகுதி 'இதர வருமானம்' கணக்கில் வரும். இதை எப்படி எழுதுவது என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி பயம் வேண்டாம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவருக்குப் பதிவு தேவையில்லை. ஜி.எஸ்.டி பதிவுள்ள நிறுவனம் தன் ஊழியருக்காக உங்கள் வீட்டை எடுத்தால், 2022 ஜூலை 18 முதல் அந்த வரியை நிறுவனமே கட்ட வேண்டும். ஒன்று மட்டும் கவனம். நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தால் அது விடுதி நடத்துவதுபோல. கரன்ட் கட்டணத்தில் இருந்து அனுமதி வரை எல்லாமே மாறும்.

பெரியம்மா இந்தத் தொழிலை விட்டுவிடவில்லை. வாங்கிய சாமான்களை என்ன செய்வது! இந்த முறை நாலு பக்க ஒப்பந்தம், பதிவு எண், சாமான் பட்டியல் எல்லாம் தயார். புதிதாக வந்திருப்பவர் மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி, ஆறு மாதத்துக்கு. அவர் மனைவி பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்தார். தட்டு ஆறு, டம்ளர் ஆறு, கரண்டி நாலு, தேங்காய்த் துருவி ஒன்று.

"அம்மா, தேங்காய்த் துருவியைக் காணோமே?"

பெரியம்மா கீழே இறங்கிப் போய்த் தன்னுடையதை எடுத்து வந்து வைத்த பிறகுதான் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.