கசிவு நீரும் எல்லைக் கோடும்

ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் விருப்புடைய எனக்குக் கலெக்சிக்கோ என்னும் பெயர் வியப்பளிப்பது. ஐக்கிய அமெரிக்காவின் தென்னெல்லையில், கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் அமைந்த சிறு வேளாண் நகர் அது. எல்லைவேலிக்கு அப்பால் மெக்சிக்காலி என்னும் பெருநகர் உளது. கலிபோர்னியா, மெக்சிக்கோ என்னும் இரு பெயர்களையே முன்பின்னாகப் பிணைத்து இரண்டுக்கும் பெயரிட்டனர்.

பெயராற் பிணைந்தவை நீராலும் பிணைந்தன. 1901 இல் கொலராடோ ஆற்றுநீரை இப்பாலைக்குக் கொணர்ந்த முதற் கால்வாய், பெரும்பாலும் மெக்சிக்கோ நிலத்தூடே ஓடிற்று. அயல்நாட்டை நம்பியிருக்க விரும்பாத அமெரிக்கர், 1940களில் தம் எல்லைக்குள்ளேயே ஓடும் வேறொரு கால்வாயிலிருந்து நீர் பெறலாயினர். அம்மண்கால்வாயிற் கசிந்த நீரோ நிலத்தடியே எல்லை கடந்தது. மெக்சிக்காலி உழவர் அதனைக் கிணறுகளில் இறைத்துப் பயிர் விளைத்தனர்.

கசிவைத் தடுத்தற்பொருட்டு, 2007 இல் 23 மைல் நீளத்துக்குச் சீமெந்துக் கால்வாய் அமைக்கும் வேலை தொடங்கிற்று. ஆண்டுதோறும் 67,700 ஏக்கர்-அடி நீர் மிஞ்சும் என்பது கணக்கு. அதிற் பெரும்பகுதி சான் டியேகோப் பகுதிக்கென ஒதுக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தும் வேலையைத் தடுக்க இயலவில்லை. 1944 ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆற்றுநீரைப் பங்கிட்டதேயன்றி, நிலத்தடி நீரைப் பங்கிடவில்லை.

ஒரு நாட்டார் வீண் என்று கழித்த நீர், மறுநாட்டார்க்கு விளைச்சலாயிருந்தது. ஆதலின், 'வீண்' என்னும் சொல்லை ஆளுமுன் வேலிக்கு அப்பாலும் நோக்குதல் அறிவுடையார் கடன் என்பேன்.