கற்றது கணக்கில் ஏறுமா?



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி பிடித்த கை என்னுடையது. ஓய்வு பெற்ற பின்னரும் மாலை வேளையில் பழைய மாணவர்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அங்ஙனம் வந்தவள் ஒரு தையற்காரரின் மகள். பொறியியற் கல்லூரியில் ஐந்தாம் பருவம் படித்துக்கொண்டிருந்தாள். “ஐயா, இணையத்தில் ஒரு பாடம் படித்துத் தேறினால் கல்லூரியில் ஒரு விருப்பப் பாடம் குறையும் என்கிறார்கள். சேரட்டுமா?” என்று கேட்டாள். “சேர்ந்து படி, அம்மா. கல்வி எந்த வழியாக வந்தால் என்ன?” என்றேன். அந்த விடை எவ்வளவு அரைகுறையானது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். அதனை நிறைவு செய்வதற்காகவே இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

முதலில் ‘கிரெடிட்’ என்பது யாது? தமிழில் வேறு பெயர்கள் வழங்கினும், கல்லூரி அலுவலகத்தில் உங்கள் காதில் விழப்போவது இச்சொல்லே ஆதலின் இதனையே ஆள்கிறேன். மதிப்பெண் என்பது எவ்வளவு நன்றாகப் படித்தீர்கள் என்பதைக் காட்டும். கிரெடிட் என்பது எவ்வளவு படித்தீர்கள் என்பதைக் காட்டும். ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் வகுப்பில் பாடம் கேட்டால் அது ஒரு கிரெடிட் என்பது பொதுவான கணக்கு. துணிக்கு முழம் எப்படியோ, படிப்புக்குக் கிரெடிட் அப்படி. இத்தனை கிரெடிட் சேர்ந்தால் இன்ன பட்டம் என்று பல்கலைக்கழகம் வரையறுத்து வைத்திருக்கும்.

இவ்வளவை எதற்கு விரித்துரைக்கிறேன் என்றால், இந்த அளவுகோல் இல்லாத காலத்தில் படித்தவன் நான். ஆசிரியப் பயிற்சி முடித்து இடைநிலை ஆசிரியனாகச் சேர்ந்தபின், 1980-களில் அஞ்சல் வழியாக இளங்கலை படித்தேன். பாடக் கட்டுகள் தபாலில் வரும். அரிக்கேன் விளக்கடியில் படிப்பேன். முதலாண்டு தேறியதும் வேற்றூருக்கு மாற்றல் வந்தது. அவ்வூருக்கு அண்மையில் இருந்த மற்றொரு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள எழுதிக் கேட்டேன். “முதலாண்டிலிருந்து தொடங்குக” என்று விடை வந்தது. ஓராண்டுப் படிப்பும் கட்டிய பணமும் கணக்கில் வரவில்லை. படித்தது என் தலையில் இருந்தது, ஏட்டில் இல்லை.

இன்று அந்நிலை பெரிதும் மாறியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ‘என்.பி.டெல்’ என்ற பெயரில் பேராசிரியர்களின் விரிவுரைகளைப் படம்பிடித்து எல்லாருக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கின. இதில் நம் சென்னை ஐ.ஐ.டி.யின் பங்கு பெரிது. 2014 முதல் அப்பாடங்களுக்குத் தேர்வும் சான்றிதழும் வந்தன. 2017 சூலையில் மத்திய அரசின் ‘சுயம்’ தளம் திறக்கப்பட்டது, என்.பி.டெல் பாடங்களும் அதன் வழியே நடைபெறுகின்றன. பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்குரிய தேர்வை எழுதுவோர் மட்டும் பணம் கட்ட வேண்டும். என்.பி.டெல் தேர்வுக் கட்டணம் பாடம் ஒன்றுக்கு 1,000 ரூபாயாக நெடுங்காலம் இருந்து வந்தது. பதிவு செய்யும்போது அவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்க. கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. ஆயினும், நாள் கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் சிறு தொகை அன்று. எழுதாத தேர்வுக்குக் கட்டிய பணம் வீண் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்கு வாரப் பாடத்துக்கு ஒரு கிரெடிட், எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று என்பது என்.பி.டெல் வழக்கம். உங்கள் வேகத்தில் படிக்கலாம் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. விரிவுரையை நள்ளிரவிலும் கேட்கலாம், விளங்காத இடத்தைப் பத்து முறையும் திருப்பிக் கேட்கலாம். என் வகுப்பில் என்னைப் பத்து முறை திருப்பிச் சொல்லச் சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வந்தது! ஆனால், வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. அதற்குக் கெடு நாளும் உண்டு. ஒப்படைப்புகளுக்கு 25, மையத்திற்குச் சென்று நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பிரியும். முன்னதில் 10-உம் பின்னதில் 30-உம் தனித்தனியே பெற்றாக வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடமாயின் ஒப்படைப்புகளுள் சிறந்த எட்டினை மட்டும் கணக்கில் கொள்வார்கள். ஆகவே காய்ச்சலில் ஒரு வாரம் விட்டுப்போனால் கவலையில்லை. ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று ஐந்து வாரத்தை விட்டவன்தான் தேர்வு மையத்தை எட்டிப் பாராமலே போகிறான்.

அந்தப் பெண் அவ்வாறு விட்டவள் அல்லள். கடையடைத்துத் தந்தை வீடு திரும்பிய பின், அவருடைய கைப்பேசியில் இரவு பத்து மணிக்குப் பாடம் கேட்டாள். எட்டு வாரமும் ஒப்படைப்பு முடித்தாள். இரண்டு பேருந்து மாறித் தேர்வு மையம் சென்று எழுதி, 71 பெற்றுத் தேறினாள். சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்தாள். ஏற்க இயலாது என்றார்கள்.

அவர்கள் கூறிய காரணம் இரண்டு. அவள் விட நினைத்த விருப்பப் பாடம் மூன்று கிரெடிட். அவள் படித்ததோ எட்டு வாரப் பாடம், இரண்டு கிரெடிட். அன்றியும், அப்பாடம் அந்தப் பருவத்துக்குக் கல்லூரி ஒப்புதல் அளித்த பட்டியலில் இல்லை. திண்ணையில் வந்து அமர்ந்து, “ஐயா, நீங்கள் சொன்னீர்களே” என்று மட்டும் சொன்னாள். எனக்கு விடை வரவில்லை. பட்டியல் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பின்னர் விதிகளைத் தேடிப் படித்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு படிப்பில் ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை சுயம் வழியாகப் படிக்கக் கல்லூரிகள் இடம் அளிக்கலாம். ஆனால் எந்தப் பாடம், எதற்கு ஈடாக என்பதைப் பருவந்தோறும் கல்வி நிறுவனத்தின் கல்விக் குழு முன்னரே முடிவு செய்கிறது. பாடத்தைக் கற்பிப்பது ஓரிடம்; பட்டத்தைக் கொடுப்பது வேறோரிடம். கிரெடிட்டை ஏற்பது பட்டம் கொடுக்கும் இடத்தின் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் இம்முறை நெடுநாளாகப் பழகியது. அங்கும் வெளியே பெற்ற கிரெடிட்டை ஏற்பதும் மறுப்பதும் மாணவன் சேரும் பல்கலைக்கழகத்தின் உரிமையே.

ஆகவே, சேருமுன் உங்கள் துறைத் தலைவரிடம் சென்று நான்கு செய்திகளைக் கேளுங்கள்: இப்பாடம் இந்தப் பருவப் பட்டியலில் உண்டா? எனது எந்தப் பாடத்துக்கு ஈடாகும்? கிரெடிட் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா? சான்றிதழை எந்த நாளுக்குள் தர வேண்டும்? விடையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்பாதீர்கள். அதைச் சொன்னவர் அடுத்த பருவத்தில் வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாம்.

கல்விக் கிரெடிட் வங்கி என்றொரு ஏற்பாடும் 2021-இல் தொடங்கப்பட்டது. பெற்ற கிரெடிட்டுகள் அங்கே உங்கள் பெயரில் சேமிக்கப்படும். பொதுவாக ஏழாண்டு வரை செல்லும். இடையில் படிப்பை நிறுத்தியவரும் நிறுவனம் மாறியவரும் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்நாளில் எனக்கு இப்படி ஒரு வங்கி இருந்திருப்பின் ஓராண்டு மிஞ்சியிருக்கும். ஆனால் அவ்வங்கியில் நீங்களே போய்ப் பணம்போல் செலுத்த முடியாது. கிரெடிட் வழங்கும் நிறுவனமே பதிவேற்ற வேண்டும். உங்கள் கணக்கைத் திறந்து, ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அந்தப் பெண் இப்போது ஏழாம் பருவம் படிக்கிறாள். இம்முறை பன்னிரண்டு வாரப் பாடம். துறைத் தலைவர் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதத்தை வாங்கிய பிறகே பதிவு செய்தாள். அதன் நகல் ஒன்றை என்னிடமும் கொடுத்து வைத்திருக்கிறாள்.