மடிக்கணினியின் பேட்டரிக்கு வெயில் ஆகாது!

விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்பட்ட அப்பாவின் டார்ச் விளக்கு உங்களுக்கு நினைவிருக்கிறதா? வெளிச்சம் மங்கிவிட்டால் அம்மா அதன் பேட்டரிகளை எடுத்து வாசலில் வெயிலில் வைப்பார். மறுநாள் அவை இன்னும் சிறிது நேரம் எரியும். பழைய உலர் பேட்டரி சூடு பட்டால் சற்றுச் சுறுசுறுப்படைந்து, எஞ்சியிருக்கும் சக்தியைக் கொடுத்துவிடும். நம் தோட்டத்துச் சிக்கனம் அது, குறை சொல்வதற்கில்லை.

ஆனால் இன்று பீடோங், கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களில் அதே குடும்பங்களுக்குள் மடிக்கணினி வந்துவிட்டது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பாடமெல்லாம் வீட்டுக்கே வந்தபோது, சேமிப்பைக் கரைத்து வாங்கிக் கொடுத்த பெற்றோர் எத்தனை பேர்! அப்படி வாங்கிய கருவி, "வயரைப் பிடுங்கினால் அரை மணியில் அணைந்துவிடுகிறது" என்ற நிலைக்கு வந்தால் வயிறு எரியத்தானே செய்யும்? புது பேட்டரி போடச் சில நூறு வெள்ளிகூட ஆகலாம்.

இதன் உள்ளே இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ என்னும் மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த பேட்டரியின் குணம் பழையதற்கு நேர்மாறு. இதற்கு முதல் எதிரி சூடு.

ஒரு கணக்கைப் பாருங்கள். முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரியை 40 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு சும்மா வைத்திருந்தால், அதன் கொள்ளளவில் ஏறக்குறைய 35 விழுக்காடு போய்விடும். அதே வெப்பத்தில் 40 விழுக்காடு மட்டும் சார்ஜ் இருந்தால் இழப்பு 15 விழுக்காடுதான். ஆகவே சூடும் முழு சார்ஜும் ஒன்றுசேர்வதுதான் பெருங்கேடு. கெடா வெயிலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 2016 ஏப்ரலில் வெப்பம் தாளாமல் நம் மாநிலத்தின் சில மாவட்டங்களில் பள்ளிகளையே மூடினார்கள்!

சரி, என்ன செய்யலாம்?

மெத்தையிலும் தலையணையிலும் கணினியை வைக்காதீர்கள். அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும். மேசை இல்லையென்றால் ஒரு பலகை போதும். நண்பகலில் தகரக் கூரை தகிக்கும்போது காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள்.

"முழுதாகத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்" என்பார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன புத்தி. இதற்கு 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையில் இருப்பதே சுகம். எப்போதும் வயரோடு வேலை செய்வோர், 80 விழுக்காட்டில் சார்ஜ் தானே நின்றுவிடும் வசதி கணினியில் இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பல கணினிகளில் இருக்கிறது.

பள்ளி விடுமுறையில் பல வாரம் எடுக்கப் போவதில்லையா? பாதி சார்ஜோடு அணைத்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால், ஒரு முறை ஏற்றிய சார்ஜ் கூடுதல் நேரம் வரும். மறுபடி சார்ஜ் போடும் வேலையும் குறையும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கணினியின் அடிப்பாகமோ விசைப்பலகையோ புடைத்துக்கொண்டு தெரிந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். உடனே வயரைப் பிடுங்கி அணைத்துவிடுங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். பழுது பார்க்கும் கடையில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் வீசவேண்டாம்.

அம்மா பேட்டரியை வெயிலில் வைத்தது கைக்காசை மிச்சப்படுத்த. நாம் அதை நிழலில் வைப்பதும் அதற்காகத்தான். பல்கலைக்கழகம் போகும் மகளின் கணினி பட்டம் வாங்கும்வரை உழைத்தால், மிஞ்சும் பணம் அவள் புத்தகத்துக்கு ஆகுமே!