வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்... விலை சைபர்!

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வாங்கி, வீட்டிலிருந்தே ரீல்ஸ் போட்டு விற்கிறீர்களா? எடிட்டிங்குக்குக் காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்!

டாவின்சி ரிசால்வ். ஒரு காலத்தில் இதன் விலை 2 லட்சம் முதல் 8 லட்சம் டாலர்! ரூபாய் இல்லை, டாலர்! 2009-ல் பிளாக்மேஜிக் நிறுவனம் இதை வாங்கியது. 2011-ல் இலவசப் பதிப்பே வந்துவிட்டது. இன்று 4கே வரை வாட்டர்மார்க் விழாமல் எக்ஸ்போர்ட் செய்யலாம். செலவு? 0 ரூபாய்!

ஆனால் லினக்ஸ் கம்ப்யூட்டரா? இலவச ரிசால்வில் போன் வீடியோ திறக்கவே திறக்காது! கேடன்லைவ் போடுங்கள். அதுவும் இலவசம்!

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் தேடவே வேண்டாம். கிளிப்சாம்ப் என்ற எடிட்டர் உள்ளேயே இருக்கிறது!

ஒரு 4கே ஃபிரேமில் எத்தனை புள்ளிகள்? 82,94,400! நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 24 கோடியே 88 லட்சம்! பழைய கம்ப்யூட்டர் திணறாமல் என்ன செய்யும்? ஷாட்கட் (இதுவும் இலவச எடிட்டர்தான்), கேடன்லைவ் இரண்டிலும் 'ப்ராக்ஸி' வசதியை ஆன் செய்யுங்கள். வெட்டுவது சின்ன நகலை. கடைசியில் வெளியே வருவதோ ஒரிஜினல் தரம்!

2025-ல் ஆஸ்கர் வென்ற அனிமேஷன் படம் 'ஃப்ளோ'. உருவானது பிளெண்டரில். அதுவும் இலவச சாஃப்ட்வேர்தான்! அதற்குள் ஒரு வீடியோ எடிட்டரும் ஒளிந்திருக்கிறது!

சாஃப்ட்வேர் பழசு என்று கவலையா? 2020-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'பாரசைட்' எடிட் ஆனது ஃபைனல் கட் ப்ரோ 7-ல். ஆப்பிள் அதை 2011-லேயே நிறுத்திவிட்டது!

இந்தியாவில் ஆவிட் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரைக் கண்ட முதல் படம் எது? நம்ம கமலின் 'மகாநதி'! வருடம் 1994!

இனி நம்ம ஊர் ரகசியம். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த டி-சர்ட் வீடியோ ஏன் மினுக்குகிறது? நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது! போன் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50-ல் வையுங்கள். மினுக்கல் காலி!

நெக் ரிப் துணியைத் தள்ளி நின்று எடுத்தால் துணியில் இல்லாத அலைக்கோடுகள் நெளியும். அதன் பெயர் மொய்ரே. லட்ச ரூபாய் சாஃப்ட்வேரிலும் லேசில் போகாது! கிட்டே போங்கள், பெரும்பாலும் போய்விடும்!

எந்த ஆப் ஆனாலும் முதலில் 10 நொடி வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். மூலையில் அவர்கள் முத்திரை விழுந்தால் அன்றைக்கே அழித்துவிடுங்கள். உங்கள் பனியன் மேல் அடுத்தவர் லேபிள் எதற்கு!