பன்னிரண்டு நாடுகளுக்கு ஒரு கிண்ணம்
(உலகப் போட்டியொன்று நடைபெறும் முறை)

பன்னிரண்டு நாடுகளின் குழுக்கள் ஒரு நகரில் வந்து கூடுகின்றன. அவற்றுள் சிறந்தது எது என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் முடிவு செய்தல் வேண்டும். கோலாலம்பூரில் 1975ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய மூன்றாம் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியை நடத்தியவர்கள் முன்னே நின்ற வினா இதுவே. ஹாக்கி, கால்பந்து, பேஸ்பால் என ஆட்டம் எதுவாயினும், பல நாடுகள் கூடும் போட்டிகள் அனைத்திற்கும் வினா ஒன்றுதான்.

எளிய வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, தோற்றவர் உடனே வெளியேறும் ‘நாக்அவுட்’ முறை. மற்றது, ஒவ்வொருவரும் மற்றெல்லாரோடும் பொருதும் ‘லீக்’ முறை. இதனைச் சுழல் முறை என்றும் கூறுவர். முதல் முறையில் பன்னிரண்டு குழுக்களுக்குப் பதினோர் ஆட்டங்களே போதும். காரணம் வெளிப்படை: ஒவ்வோர் ஆட்டமும் ஒரு குழுவை வெளியேற்றுகிறது, ஒருவர் எஞ்சி நிற்கப் பதினொருவர் வெளியேற வேண்டும். மாணவர்க்கு இக்கணக்கைக் கொடுத்தால் பெரும்பாலோர் அட்டவணை வரைந்து எண்ணத் தொடங்குவர். வெளியேறுவோரை எண்ணினால் போதும் என்பது சிலருக்கே தோன்றும். ஆயினும் இம்முறையில் ஒரு கொடுமை உண்டு. பல்லாயிரம் மைல் கடந்து வந்த குழு ஒன்று, முதல் நாள் மழையில் வழுக்கி ஒரு கோலால் தோற்றால், மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

சுழல் முறையில் அக்கொடுமை இல்லை. வேறு தொல்லை உண்டு. பன்னிரு குழுக்களும் தமக்குள் ஒருமுறை பொருதினால் 12 × 11 ÷ 2, அதாவது 66 ஆட்டங்கள் ஆகும். ஒரு குழு பதினோர் ஆட்டங்கள் ஆட வேண்டும். பதினைந்து நாட்களில் மனித உடல் அதனைத் தாங்காது.

ஆகவே இரண்டையும் இணைத்தனர். பன்னிரண்டை ஆறு ஆறாக இரு பிரிவுகளாக்கினால், ஒரு பிரிவுக்குப் பதினைந்து, இரண்டுக்குமாக முப்பது ஆட்டங்கள். ஒரு குழுவுக்கு ஐந்தே ஆட்டங்கள். இந்தச் சுழல் பகுதி முடிந்தபின், ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டிடம் பெற்றோர் மட்டும் அரையிறுதியில் வெளியேற்று முறையில் மோதுவர். ஒரு தோல்வியைப் பொறுத்துக்கொள்ளும் முற்பகுதி. தோல்வியே பொறுக்காத பிற்பகுதி. இன்றைய உலகப் போட்டிகள் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு இதுவே எனலாம்.

பிரிவுகளை வகுப்பதில்தான் முதல் நியாயம் அடங்கியுள்ளது. வலியோர் அனைவரும் ஒரே பிரிவில் விழுந்துவிட்டால், மற்றப் பிரிவில் எளியோர் வருந்தாமல் அரையிறுதி எய்துவர். ஆகவே முந்திய போட்டிகளில் மேலிடம் பெற்றோரை முதலில் தனித்தனியே பிரித்துவைத்து, பின்னரே ஏனையோரைச் சேர்ப்பது வழக்கம். 1973ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் மோதிய நெதர்லாந்தும் இந்தியாவும் கோலாலம்பூரில் வெவ்வேறு பிரிவுகளில் நின்றன. ‘ஏ’ பிரிவில் பாகிஸ்தான், நெதர்லாந்து, ஸ்பெயின், போலந்து, நியூசிலாந்து ஆகியவற்றோடு விருந்தோம்பிய மலேசியா. ‘பி’ பிரிவில் இந்தியா, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அர்ஜென்டினா, கானா.

அந்நாளில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகள், சமநிலைக்கு ஒரு புள்ளி. இந்தியா இங்கிலாந்தை வென்றது. ஆஸ்திரேலியாவோடு சமநிலை கண்டது. கானாவை 7–0 என வீழ்த்தியது. பிறகு எவரும் எதிர்பாராத வகையில் அர்ஜென்டினாவிடம் 1–2 எனத் தோற்றது. நாக்அவுட் முறையாயின் கதை அங்கேயே முடிந்திருக்கும். சுழல் முறையாதலால் மேற்கு ஜெர்மனியை 3–1 என வென்று பிரிவில் முதலிடமே பெற்றது. ‘ஏ’ பிரிவிலோ வியப்பு வேறு விதமாக வந்தது. நடப்பு வாகையரான நெதர்லாந்தை மலேசியா வென்று, பாகிஸ்தானுக்கு அடுத்த இடத்தைப் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது.

புள்ளிகள் சமமாயின் என் செய்வது? இவ்வினாவுக்கு விடையை ஆட்டம் தொடங்குமுன்பே எழுதி வைத்தல் வேண்டும்; பின்னர் எழுதினால் யாருக்காக எழுதப்பட்டது என்ற ஐயம் எழும். அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வழி. தமக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவு மற்றொரு வழி. இது எவ்வளவு நுட்பமாகப் போகக்கூடும் என்பதற்கு 2023ஆம் ஆண்டின் உலக பேஸ்பால் போட்டி நல்ல சான்று. தைவானின் தைச்சுங் நகரில் ஆடிய பிரிவில் கியூபா, இத்தாலி, நெதர்லாந்து, பனாமா, தைவான் ஆகிய ஐந்தும் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்று ஒரே நிலையில் வந்து நின்றன. விட்டுக்கொடுத்த ஓட்டங்களை, எதிரணியினரை வெளியேற்றிய எண்ணிக்கையால் வகுத்து, அந்த ஈவைக்கொண்டு வரிசை இட்டனர். கியூபாவும் இத்தாலியும் முன்னேறின. அதே இரண்டு வெற்றிகளைப் பெற்றிருந்தும், சொந்த மண்ணில் ஆடிய தைவான் கடைசி இடம் சென்றது. வகுத்தல் கணக்கு ஒரு நாட்டைக் கண்கலங்க வைக்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அரையிறுதியில் குறுக்கே மாற்றிக் கட்டுவது இன்னொரு நியதி. ஒரு பிரிவின் முதல்வர் மற்றப் பிரிவின் இரண்டாமவரோடு ஆட வேண்டும். முன்பே ஒருமுறை மோதியவர் உடனே மீண்டும் மோதாமலும், முதலிடம் பெற்றவருக்குச் சற்றே எளிய எதிரி அமையும்படியும் செய்த ஏற்பாடு இது. இல்லையேல் இரண்டாமிடம் உறுதியானவர் முதலிடத்துக்காகப் போராட மாட்டார். இவ்வாறு பாகிஸ்தான் மேற்கு ஜெர்மனியோடும், இந்தியா மலேசியாவோடும் மோதின. பாகிஸ்தான் 5–1 என எளிதில் வென்றது.

மற்ற ஆட்டம் மெர்டேக்கா அரங்கத்தில் நடந்தது. 1957 ஆகஸ்டு 31இல் விடுதலைப் பிரகடனம் ஒலித்த அரங்கம் அது. தமிழர் மிகுந்து வாழும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கால்நடையாகவே சென்றுவிடலாம். மலேசியக் குழுவுக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். மகேந்திரன், பாலசிங்கம் போன்றோரும் அதில் இருந்தனர். எதிரே நின்ற இந்தியக் குழுவில் சென்னையைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸ் இருந்தார். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இருந்த தமிழ் இல்லங்கள் பலவற்றில் மனம் எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்பது வாசகர் ஊகத்துக்கு விடத்தக்கது.

மலேசியா 2–1 என முன்னணியில் நின்றது. முடிவுக்குச் சில நிமிடங்களே இருந்தபோது, இந்தியா மைக்கேல் கிண்டோவை வெளியே அழைத்து, இளைஞர் அஸ்லம் ஷேர்கானை உள்ளே அனுப்பிற்று. ‘பெனால்டி கார்னர்’ ஒன்றில் அவர் அடித்த அடி கோலாயிற்று. வெளியேற்று முறையில் சமநிலை என்பது முடிவன்று. யாரேனும் ஒருவர் போயே ஆக வேண்டும். ஆகவே கூடுதல் நேரம் தரப்பட்டது. அதில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் இந்தியா 3–2 என வென்றது. சுழல் பகுதியில் இதே ஆட்டம் நடந்திருப்பின் இரு குழுக்களும் ஆளுக்கொரு புள்ளியோடு அமைதியாகப் பிரிந்திருக்கும்!

தோற்றவருக்கும் வேலை உண்டு. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி மலேசியாவை 4–0 என வென்றது. இறுதியை நூலிழையில் இழந்தவரை உடனே மீண்டும் களமிறக்குவது இரக்கமற்ற செயல் என்பாரும் உளர். ஆனால் வரிசை முழுதும் தெரிய வேண்டுமாயின் வேறு வழியில்லை. மலேசியா பெற்ற அந்த நான்காம் இடத்தை, 2023 வரை நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளில் அதனால் விஞ்ச இயலவில்லை.

இதே நகரம் 2002இல் மீண்டும் உலகக் கிண்ணத்தை நடத்தியது. இம்முறை புக்கிட் ஜாலிலில் செயற்கைத் தரையில், பதினாறு நாடுகள், எட்டு எட்டாக இரு பிரிவுகள். கணக்கைப் போட்டால் பிரிவுக்கு 28, சுழல் பகுதிக்கு மட்டும் 56 ஆட்டங்கள்! வீரர்கள் களைத்தனர் என்பதில் வியப்பில்லை. 2018 முதல் அதே பதினாறு நாடுகளை நான்கு நான்காகப் பிரித்தனர். சுழல் பகுதி 24 ஆட்டங்களாகச் சுருங்கிற்று.

அட்டவணை எத்துணைச் செம்மையாயினும், களத்தில் முடிவு சொல்பவர் நடுவரே. ஹாக்கியில் இருவர், ஒவ்வொருவருக்கும் பாதிக் களம். ஆடும் நாடுகள் இரண்டையும் சாராதவராக இருத்தல் வேண்டும் என்பது உலகப் போட்டியின் உயிர்நாடியான விதி. 1975 மார்ச் 15இல் நடந்த இந்திய–பாகிஸ்தான் இறுதியாட்டத்தில் அவ்விருவருள் ஒருவர் மலேசியத் தமிழரான ஜி. விஜயநாதன். முதலில் பாகிஸ்தானின் ஜாஹித் ஷேக் கோல் போட்டார். பிற்பகுதியில் சுர்ஜித் சிங் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். அடுத்து, தியான்சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் உட்புறம் பட்டு வெளியே திரும்பி வந்தது. பந்து முழுவதும் கோட்டைக் கடந்ததா, இல்லையா? கடந்தது என்று கண்ட விஜயநாதன் ஊதினார். பாகிஸ்தானியர் சூழ்ந்து மறுத்துரைத்தனர், அவர் மாறவில்லை. படத்தைத் திருப்பிப் பார்க்கும் காணொளி நடுவர் அக்காலத்தில் இல்லை. ஆட்டம் 2–1 என முடிந்தது. கிண்ணம் இந்தியாவுக்குச் சென்றது.