காருக்கு அடியில் ஒரு கறுப்புப் பொட்டு



காலையில் காரை எடுக்கப் போகிறீர்கள். இரவு கார் நின்ற இடத்தில், தரையில் கறுப்பாக ஒரு பொட்டு. “பழைய காடி, அப்படித்தான் ஒழுகும்” என்று விட்டுவிடுவோர் உண்டு. பயந்துபோய்ப் பட்டறைக்கு ஓடிக் கேட்ட பணத்தைக் கொடுப்போரும் உண்டு. இரண்டுமே நட்டம்தான்.

எனக்குத் தெரிந்த செம்பனைத் தோட்டத்து நண்பர் ஒருவர் பழைய புரோட்டோன் சாகா வைத்திருக்கிறார். 1985-இல் வெளிவந்த அந்த வகைக் கார்கள் நம் குடும்பங்கள் பலவற்றைச் சுமந்திருக்கின்றன. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அம்மாவின் மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு கார்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டியது. “பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கவேண்டும்” என்றார்கள் பட்டறையில். பெரிய செலவு. பணம் கட்டுவதற்கு முன் எஞ்சினைத் துடைத்துப் பார்த்தோம். ஒழுகியது எஞ்சினின் உச்சியில் இருக்கும் வால்வு மூடி. அங்கிருந்து வழிந்த எண்ணெய்தான் கீழே வந்து சொட்டியது. ஒரு புதிய கேஸ்கெட்டோடு வேலை முடிந்தது.

எண்ணெய் ஏன் ஒழுகுகிறது? எஞ்சினின் உலோகப் பாகங்கள் சேரும் இடங்களில் கேஸ்கெட்டும், சுழலும் தண்டுகளைச் சுற்றி ஆயில் சீலும் இருக்கின்றன. நாம் சீவும் மரத்துப் பாலில் செய்த ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பிக் கெட்டுவிடும். ஆகவே, எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரில் இவற்றைச் செய்கிறார்கள். ஆனால் அதுவும் பல ஆண்டுச் சூட்டில் இறுகி, வெடித்துப்போகும்.

முதலில், ஒழுகுவது எஞ்சின் எண்ணெய்தானா என்று பாருங்கள். இரவில் காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் அது எஞ்சின் எண்ணெய், நம் பேச்சில் ‘மினியாக் ஹீத்தாம்’. சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோ கியர் எண்ணெய் அல்லது பவர் ஸ்டியரிங் எண்ணெய். பச்சையோ இளஞ்சிவப்போ ஆன நீர் ரேடியேட்டருடையது. நிறமற்ற வெறும் தண்ணீர் ஏர்கோன் நீர். அதற்கு அஞ்ச வேண்டாம். சக்கரத்தின் அருகே மெல்லிய எண்ணெய் தெரிந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியானால் காரை ஓட்டவே கூடாது.

அடுத்து, எண்ணெய் அளவு. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுங்கள். இரு கோடுகளுக்கு இடையில் எண்ணெய் நிற்கவேண்டும். குறைந்தால் ஊற்றுங்கள், மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். சிவப்பு எண்ணெய் விளக்கு எரியும்வரை காத்திருக்கலாம் என்று எண்ணாதீர்கள். எண்ணெய் அழுத்தம் விழுந்த பிறகே அது எரியும். ஓடும்போது எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள். மேலும் ஓட்டினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

இனி, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்போம். எஞ்சின் ஆறிய பிறகு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தாலும் துணியாலும் நன்றாகத் துடையுங்கள். பெட்ரோலால் கழுவாதீர்கள், தீப்பற்றும். மின்கம்பிகள் இருக்கும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். காய்ந்ததும், சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி, கார் நின்றபடியே எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு அணைத்துவிட்டு டார்ச் விளக்கால் பாருங்கள். எண்ணெய் கீழ்நோக்கி ஓடும். காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே, பவுடர் நனைந்த இடங்களில் மிக உயரத்தில் இருப்பதுதான் ஊற்றுக்கண்.

வால்வு மூடி, எண்ணெய் வடிகட்டி, அடியில் இருக்கும் வடிகால் போல்ட், எண்ணெய் அழுத்த சுவிட்ச் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அண்மையில் எண்ணெய் மாற்றியிருந்தால், பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சினின் மூச்சுக் குழாயையும் மறக்கக் கூடாது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகவும் எண்ணெய் வெளியேறும். குழாயைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால், புதியதும் ஒழுகும்.

வால்வு மூடி கேஸ்கெட்டைக் கைப்பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலேயே மாற்றலாம். பழையதைச் சுரண்டும்போது தூள் உள்ளே விழக்கூடாது. போல்ட்டுகளை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். பலமாக முறுக்கினால் மூடி வளைந்து மேலும் ஒழுகும். சிலிக்கோன் பசையை அப்பாதீர்கள். பிய்ந்த துண்டு எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

முன்பக்க சீல், பின்பக்க சீல் இரண்டையும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். முன்பக்கக் கசிவைத் தள்ளிப்போட வேண்டாம். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அந்த பெல்ட் எண்ணெயில் நனைந்தால் அறுந்துபோகலாம். சூடான புகைக்குழாயின்மேல் எண்ணெய் சொட்டி, புகையும் கருகிய நாற்றமும் வந்தால் அன்றே கவனியுங்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஓர் எச்சரிக்கை. ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையாதீர்கள். செங்கல்லும் வேண்டாம்; அது நொறுங்கும். உறுதியான தாங்கிகள் இல்லையென்றால் அடியில் போகவே வேண்டாம்.

பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. டின்னில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அது தோலுக்கும் கேடு. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

நேயர்களே, நாளை காலை காருக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஓர் அட்டையும், ஒரு துணியும், சிறிது பவுடரும் போதும். எங்கே ஒழுகுகிறது என்பதை நீங்களே கண்டு, பட்டறையில் விவரம் தெரிந்து பேசலாம்.