படியும் மூலமும்: சாதனச் செலுத்திகளில் நினைவகப் பதுக்கல் வகைகள்

பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கப்படும்பொழுது ஒரே எண் குறைந்தது மூன்று இடங்களில் இருப்புக் கொள்கின்றது. தராசு காட்டும் எண் ஒன்று. கணக்கப்பிள்ளையின் கைப்புத்தகத்தில் ஏறும் எண் மற்றொன்று. தோட்ட அலுவலகத்துச் செக்ரோலில் பதியப்படும் எண் பிறிதொன்று. தராசின் எண் கூடை இறங்கியதும் மறைந்துவிடும். கைப்புத்தகத்து எண் அது அலுவலகம் போய்ச் சேரும்வரை நிற்கும். சம்பளத்தை நிர்ணயிப்பதோ செக்ரோல் எண். மூன்றும் ஒன்றாயிருக்கும்வரை அவற்றை வேறுவேறாக எவரும் எண்ணுவதில்லை. அவை முரண்படும்பொழுதுதான் எது மூலம், எது படி என்ற வினா தோன்றுகின்றது. அதனைத் தீர்க்கும் அதிகாரம் யாருடையது என்ற வினாவும் உடன் தோன்றுகின்றது.

கணினியின் உள்ளேயும் இவ்வினா உண்டு. ஒரே தரவு பல இடங்களில் படியாக வைக்கப்படுகின்றது. படி எங்கே அனுமதிக்கப்படலாம், எங்கே அறவே விலக்கப்பட வேண்டும் என்று அறிவிக்கும் பொறுப்பு, பணிசெயல் முறைமையின் ஒரு பகுதியான சாதனச் செலுத்தியிடம் விடப்பட்டுள்ளது. எமது பாடநூல்கள் பதுக்கு நினைவகம் விரைவானது, சிறியது, விலைகூடியது என்ற அளவில் நின்றுவிடுகின்றன. பதுளையிலேயே 2005ஆம் ஆண்டு முதல் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இயங்குகின்றது. தோட்டப் பாடசாலைகளிலிருந்து கணினிக் கல்விக்குச் செல்லும் மாணவர் தொகையும் வளர்ந்து வருகின்றது. அவர்கள் அங்கு ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் ஒரு கருத்தினைத் தமிழில் முன்கூட்டியே சிந்திக்க முடியுமாயின் அது வீண்முயற்சியாகாது. இலக்கிய ஆய்வாளன் ஒருவன் இப்பொருளில் தலையிடுவதற்கு வேறொரு நியாயமும் உண்டு: இத்துறையின் கலைச்சொற்கள் தம்முள் ஒரு சமூக வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன.

1965ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். மெதுவான பெரிய நினைவகத்தின் முன்னால் விரைவான சிறிய நினைவகம் ஒன்றை நிறுத்தி, அண்மையில் வேண்டப்பட்டவற்றை அதிலே தேக்கி வைக்கலாம் என்பது அவர் கருத்து. அச்சிறு நினைவகத்திற்கு அவர் இட்ட பெயர் அடிமை நினைவகம் என்பதாகும். மூன்றாண்டுகளின் பின், 1968இல், ஐ.பி.எம். நிறுவனம் தனது 360 வரிசையின் 85ஆம் மாதிரியில் இம்முறையை வணிகப் பொருளாக்கியபொழுது 'கேஷ்' என்ற சொல் வழக்குக்கு வந்தது. ஒளித்துவை என்று பொருள்படும் பிரெஞ்சு வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் அது பதுக்கு நினைவகம் ஆயிற்று. பதுக்கல் என்ற சொல்லை எழுபதுகளின் முற்பகுதியில் எமது மக்கள் எந்தப் பொருளிற் கேட்டனர் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. சொல்லாக்கம் செய்தோர் இதனை எண்ணிப் பார்த்திருப்பரோ அறியேன். சொல் மட்டும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

அடிமை என்ற பெயர், படி மூலத்துக்குக் கீழ்ப்பட்டது என்பதைச் சொல்கின்றது. பதுக்கு என்ற பெயர், படி இருப்பது நிரலெழுதுவோனுக்குத் தெரியாது என்பதைச் சொல்கின்றது. சாதாரண நிரலைப் பொறுத்தவரை இரண்டாவது கூற்று முற்றிலும் உண்மை. சாதனச் செலுத்தி எழுதுவோனுக்கு அது உண்மையன்று. ஒளித்து வைக்கப்பட்டிருப்பது எதுவென்று அறியாமல் அவன் தன் வேலையைச் செய்ய இயலாது.

முறைவழியாக்கி முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் பெற ஏறத்தாழ 100 நனோசெக்கன் செல்லும். மிக அருகிலுள்ள பதுக்கு நினைவகத்திலிருந்து பெறுவதற்கு ஒன்றிரண்டு நனோசெக்கன் போதும். ஆகவே ஒருமுறை கேட்ட தரவு அதன் அயலில் உள்ளவற்றோடு சேர்த்துக் கொண்டுவரப்படுகின்றது. இன்றைய இன்டெல், ஏ.எம்.டி. முறைவழியாக்கிகளில் இவ்வாறு ஒரே தடவையில் வரும் கட்டு 64 பைற்று; இதனை வரி என்பர். வாசிப்பிற் சிக்கல் குறைவு. எழுதுவதில்தான் இரு நெறிகள் பிரிகின்றன. படியில் எழுதும் அதே வேளையில் மூலத்திலும் எழுதுவது உடனெழுத்து. படியில் மாத்திரம் எழுதி, வரியை 'மாற்றமுற்றது' எனக் குறித்து வைத்து, இடம் தேவைப்படும்பொழுது மூலத்துக்கு அனுப்புவது பின்னெழுத்து. பின்னெழுத்தே மிக விரைவானது. கணினியின் சாதாரண நினைவகம் முழுவதும் இன்று இந்நெறியிலேயே நடைபெறுகின்றது. அதாவது, எந்தக் கணத்தை எடுத்துக்கொண்டாலும் முதன்மை நினைவகத்தில் ஒரு பகுதி காலாவதியான தகவலையே கொண்டிருக்கும். அத்தகவலைப் பின்னெழுத்துக்கு முன் வேறெவரும் நேரே பாராதவரை தீங்கில்லை.

வேறெவரேனும் பார்த்தால்? அல்லது வேறெவரேனும் மாற்றினால்? சாதனங்கள் இவ்விடத்திலேயே நுழைகின்றன.

அண்மைக் காலத்தில் பெருந்தோட்டக் கம்பனிகள் சில மின்னணுத் தராசுகளைப் புகுத்தியுள்ளன. அத்தகைய தராசு ஒன்று கணினியோடு பிணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். தராசின் நிறை, கணினிக்கு ஒரு நினைவக முகவரியாகவே தோற்றும். அந்த முகவரியை வாசித்தால் எடை கிடைக்கும். ஆனால் அங்கிருப்பது நினைவகமன்று, சாதனத்தின் பதிவகம். நினைவகத்தில் இட்டது இட்டபடி இருக்கும். பதிவகத்தில் இருப்பதை முறைவழியாக்கியின் கட்டளையின்றியே வெளியுலகம் மாற்றுகின்றது. இம்முகவரி பதுக்கக்கூடியது என்று தவறாக அறிவிக்கப்பட்டால், முதற்கூடையின் எடை படியாகத் தேங்கிவிடும். அடுத்த பெண் தன் கூடையை வைப்பாள். நிரல் முகவரியை வாசிக்கும். விடை தராசிலிருந்து வாராது, படியிலிருந்து வரும். பின்னே நிற்போர் அனைவருக்கும் முன்னே நின்றவளின் எடையே விழும். நிரலில் ஓர் எழுத்துப் பிழையும் இராது. (மெய்யான சிறு தராசுகளிலுள்ள நுண்கட்டுப்படுத்திகள் பலவற்றிற் பதுக்கு நினைவகமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளக்கத்தின் பொருட்டே இவ்வுதாரணம்.)

எழுத்திலும் இவ்வாறே. அளக்கத் தொடங்கு என்ற கட்டளை பதிவகத்துக்குச் செல்லாமற் படியிலேயே தங்கிவிடலாம். இவற்றினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. சில பதிவகங்களை வாசிப்பதே ஒரு செயல்; வாசித்த மாத்திரத்தில் அங்குள்ள அறிகுறி அழிந்துவிடும், அல்லது வரிசையில் நிற்கும் அடுத்த எண் முன்னே வரும். முறைவழியாக்கியோ, வேண்டப்படலாம் என்ற ஊகத்தின் பேரில் கேளாதவற்றையும் முன்கூட்டி வாசிக்கும் இயல்பினது. நினைவகத்தில் இது சிக்கனம், பதிவகத்தில் நாசம். ஆகவே பதிவகங்களுக்குப் பதுக்கா வகையே விதிக்கப்படுகின்றது: ஒவ்வொரு வாசிப்பும் ஒவ்வொரு எழுத்தும் சொன்ன வரிசையில் சாதனம்வரை சென்றே ஆக வேண்டும்.

பதுக்கா வகை மிக மெதுவானது. திரைக்குரிய பட நினைவகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு 4 பைற்று என்றால் ஒரு வரியில் 16 புள்ளிகள் அடங்கும். பதுக்கா வகையிற் பதினாறு தனித்தனிப் பயணங்கள் தேவைப்படும். இவ்விடத்துக்கென்றே திரட்டெழுத்து என்ற வகை ஏற்பட்டது. எழுதப்படுபவை ஒரு சிறு தாங்ககத்திற் சேர்ந்து, நிறைந்ததும் ஒரே மூட்டையாகச் செல்லும். வாசிப்புப் பதுக்கப்படுவதில்லை. இதில் இழக்கப்படுவது வரிசை: முன்னே எழுதியது முன்னே சேரும் என்ற உறுதி இல்லை. படத்துக்கு அது பொருட்டன்று. 'படத்தைக் காட்டு' என்ற கட்டளை படத்துக்கு முன் சென்றுவிட்டால் மாத்திரம் கேடு. அதற்காகச் செலுத்தி இடையே ஒரு வேலி இடும். வேலிக்கு முந்திய எழுத்தெல்லாம் வெளியேறிய பின்னரே பிந்தியவை செல்லும். வேலி என்ற சொல் நான் புனைந்ததன்று. மூலத்திலும் அதுவே பெயர்.

இன்டெல் குடும்பத்தில், பின்னெழுத்து, உடனெழுத்து, திரட்டெழுத்து, பதுக்காமை ஆகியவற்றோடு எழுத்துக்காப்பு என்ற ஒன்றும் உண்டு. 1995இல் வந்த பென்டியம் புரோவில் பௌதிக முகவரிப் பரப்புகளுக்கு வகை குறிக்கும் சிறப்புப் பதிவகங்கள் அமைந்தன. அவை தொகையிற் குறைவு. பரப்புகளும் பெரியனவாக இருக்கவேண்டியிருந்தது. 1999இல் பென்டியம் மூன்றோடு, 4 கிலோபைற்றுப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் வகை குறிக்கும் முறை வந்தது. விண்டோஸ் முறைமையிற் சாதன முகவரியொன்றைக் கேட்கும் செலுத்தி, பதுக்காதது, பதுக்கியது, திரட்டெழுத்து என்னும் மூன்றிலொன்றைத் தானே குறிப்பிட வேண்டும். லினக்ஸ் முறைமையில் வகைக்கொன்றாகத் தனித்தனி அழைப்புகள் உள்ளன. வகை சொல்லாத பொது அழைப்புப் பதுக்காமையையே தரும். இவ்வேற்பாடு சரியென்றே எனக்குப் படுகின்றது. அறியாதவன் செய்யும் தவறு வேகத்தைக் குறைக்கலாம், உண்மையைக் குலைக்கக் கூடாது.

தொடக்கத்திற் காட்டிய ஒப்புமையின் எல்லையையும் இவ்விடத்தே குறித்தல் தகும். கைப்புத்தகத்து எண் அலுவலகம் சேருமுன் அதிற் கழிவு விழலாம். ஈரக் கொழுந்து என்றும் கூடை நிறை என்றும் கிலோக்கள் குறைவது தோட்டத் தொழிலாளரின் நீண்டகால முறைப்பாடு. 1921இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையில், தொழிலாளியின் கடன் கங்காணியின் ஏட்டில் இருந்தது. அக்கடனைக் காட்டும் துண்டு இன்றித் தொழிலாளி வேறு தோட்டம் செல்ல இயலாது. அங்கெல்லாம் படியை வைத்திருப்பவனுக்கு அதில் ஒரு நலன் உண்டு. பதுக்கு நினைவகத்துக்கு நலன் எதுவுமில்லை. அது பிந்துவது வேகத்தின் பொருட்டு மாத்திரமே. விதித்த வகைக்கு அது கீழ்ப்படியும். சமூக உறவொன்றைப் பொறியின் சிக்கலாகக் காட்டி ஆறுதலடைவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

சாதனம் தானாகவே முதன்மை நினைவகத்தில் எழுதும் சந்தர்ப்பம் அடுத்தது. வட்டு, வலையமைப்பு அட்டை முதலியன முறைவழியாக்கியை இடையிற் கொள்ளாது தரவை நேரே நினைவகத்தில் இறக்கும். இன்டெல் குடும்பக் கணினிகளில் இப்போக்குவரத்தைப் பதுக்கு நினைவகம் கண்காணித்துத் தன் படிகளைத் திருத்திக்கொள்ளும். கைத்தொலைபேசிகளிலும் சிறு கருவிகளிலும் காணப்படும் ஆம் வகை முறைவழியாக்கிகளைக் கொண்ட பல அமைப்புகளில் இக்கண்காணிப்பு இல்லை. அங்கே செலுத்தியே கைமாற்றத்தை நடத்த வேண்டும். சாதனம் வாசிக்கப் போகின்றதெனில், படியில் மாற்றமுற்றவற்றை முதலில் மூலத்துக்கு எழுதிவிட வேண்டும். சாதனம் எழுதி முடித்ததெனில், முறைவழியாக்கி வாசிக்குமுன் பழைய படியைச் செல்லாததாக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால், சாதனம் புதிதாய் இறக்கிய தரவின்மீது பழைய படி எழுதப்பட்டுவிடும். தாங்ககத்தின் எல்லை வரியின் எல்லையோடு பொருந்தாவிடின் இன்னொரு சங்கடம்: ஒரே 64 பைற்றுக்குள் பாதி சாதனத்துடையது, பாதி வேறேதோ மாறியினுடையது. வரியைச் செல்லாததாக்கினால் மாறியின் புதுப்பெறுமானம் போய்விடும். எழுதி அனுப்பினால் சாதனத்தின் தரவு போய்விடும். ஆதலாற்றான் இத்தகைய தாங்ககங்களை வரியின் எல்லையிலேயே தொடங்கி எல்லையிலேயே முடிக்கின்றனர்.

இறுதியாக, ஒரே பௌதிகப் பக்கத்துக்கு இரு பெயர்கள் இருந்து, ஒரு பெயருக்கு ஒரு வகையும் மற்றப் பெயருக்கு வேறொரு வகையும் விதிக்கப்படும் நிலை. முறைவழியாக்கியின் கையேடுகள் இதனை விலக்குகின்றன. விலக்கை மீறுவது எவ்வளவு எளிது என்பதற்கு 2002ஆம் ஆண்டு நிகழ்ச்சி தக்க சான்று. ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லன் முறைவழியாக்கியில் லினக்ஸ் இயங்கியபொழுது, வரைவியல் அட்டையைப் பயன்படுத்திய சிலரின் கணினிகள் காரணமின்றி நிலைகுலைந்தன. லினக்ஸ் கருநிரல் நினைவகம் முழுவதையும் 4 மெகாபைற்றுப் பெரும் பக்கங்களாகப் பின்னெழுத்து வகையில் வைத்திருந்தது. அதே நினைவகத்தின் ஒரு பகுதி வரைவியல் அட்டைக்காக வேறொரு முகவரியிற் பதுக்கப்படாத முறையிலும் அணுகப்பட்டது. பதுக்கும் பெயரால் எவரும் அப்பகுதியைத் தொடவில்லை. ஆகையால் தீங்கில்லை என்றே செலுத்தி எழுதியோர் கருதினர். ஆனால் முறைவழியாக்கி ஊகத்தின் பேரில், நிகழப்போவதாகத் தான் எண்ணிய ஓர் எழுத்துக்காக, அப்பகுதியின் வரியைப் பதுக்கு நினைவகத்துக்கு இழுத்து 'மாற்றமுற்றது' எனக் குறித்தது. எழுத்து நிகழவில்லை. குறி மாத்திரம் நின்றது. சிறிது நேரத்தின் பின் அந்தப் பழைய வரி மூலத்துக்கு அனுப்பப்பட்டது. இடைநேரத்தில் வரைவியல் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை அதன்கீழ் அழிந்தன.

பெரும் பக்கங்களை அணைத்துவிடுவது பயனர் கைக்கொண்ட உடனடி மாற்றுவழி. கருநிரல் எழுதியோர் கண்ட தீர்வு, ஒரு பெயரின் வகையை மாற்றும்பொழுது மற்றப் பெயரின் வகையையும் சேர்த்து மாற்றுவதாகும். 2008இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.26இலிருந்து, எந்தப் பௌதிகப் பரப்பு எந்த வகையிற் கொடுக்கப்பட்டுள்ளது என்பதற்குக் கருநிரல் ஒரு பதிவேடு வைத்திருக்கின்றது. முரணான வகையைக் கேட்டு இன்னொரு செலுத்தி வருமாயின், அதற்கு மறுப்புக் கிடைக்கும், அல்லது முன்னர் கொடுக்கப்பட்ட வகையே கிடைக்கும். பிழைதிருத்த வசதி இயக்கப்பட்டுள்ள கணினியில் இப்பதிவேடு ஒரு கோப்பாகத் தோன்றும். நிருவாகி அதனைத் திறந்து, முகவரி முகவரியாக, வரிசையாக வாசிக்கலாம்.